பத்துக் குற்றமும் ஒரு கட்டுரையும்

தேனி மாவட்டம் கோம்பையிலே ஒரு மாணவனிடம், "உங்கள் ஊர் நாயைப் பற்றிக் கட்டுரை எழுது" என்று சொல்லிப் பாருங்கள். நோட்ஸை நெட்டுருப் போட்டவன் திகைப்பான். "நாய் நன்றியுள்ள பிராணி" என்று தொடங்கி, மேற்கு மலை ஏறி, மழையைப் புகழ்ந்து, அங்கேயே நின்றுவிடுவான்.

ஆசிரியர் தாமே சிவப்பு மையால் திருத்தி எழுதிக் கொடுத்தால் கட்டுரை திருந்தும், மாணவன் திருந்தமாட்டான்.

முதலில் குறிப்புச் சட்டகம் வேண்டும். முன்னுரையில் ஊரும் நாயும். பொருளுரையில் செம்பழுப்பு நிறமும் கருத்த முகமும் ஒரு பத்தி. வேட்டையும் காவலும் ஒரு பத்தி. அந்த இனத்தை ஏன் காக்கவேண்டும் என்பது முடிவுரை.

அப்புறம் திருத்தம். அதற்கு அளவுகோல் 13-ஆம் நூற்றாண்டு நன்னூலிலேயே இருக்கிறது. நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்றார் பவணந்தி முனிவர். அவற்றுள் மூன்றைக் கேள்வியாக்கினாலே போதும். சொன்னதையே சொன்னாயா? அது கூறியது கூறல். நாயை விட்டு மலைக்குப் போனாயா? மற்றொன்று விரித்தல். வரவர வேகம் குறைந்ததா? சென்று தேய்ந்து இறுதல்.

குற்றத்தை மாணவனே காணட்டும். அவனே மறுபடி எழுதட்டும். பரீட்சை மார்க்கு ஒரு வருஷத்துப் பேச்சு. நாளைக்குக் குடிதண்ணீர் கேட்டுப் பேரூராட்சிக்கு மனு எழுதப்போகிறவனும் அவன்தானே!