தூரத்து உறவும் மின்படச் சட்டமும்

கடல்கடந்து சென்றோர் தம் முகத்தை ஊருக்கு அனுப்பிவைக்கும் வழக்கம் ஈழத்துத் தமிழரிடையே இன்று நேற்றுத் தோன்றியதன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே, மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்க்கச் சென்ற யாழ்ப்பாணத்தவர், கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ உள்ள படப்பிடிப்பு நிலையமொன்றுக்குக் குடும்பத்தோடு போய், கோட்டு அணிந்து நாற்காலியில் நிமிர்ந்திருந்து படம் பிடித்து, தடித்த அட்டையில் ஒட்டுவித்து ஊருக்கு அனுப்பினர். ஊரிலே அதற்குச் சட்டம் அடித்துக் கண்ணாடியிட்டு மண்டபத்துச் சுவரின் உயரத்திலே மாட்டினர். மகனைக் காண முடியாத தாய் படத்தையேனும் கண்டாள்.

பின்னர் விமானத் தபால் வந்தது. நீலநிற விமானக் கடிதத் தாளினுள் வேறெதையும் வைத்தல் ஆகாதென்பது தபால் விதி. ஆதலால் படம் அனுப்ப விரும்பியோர் கூடுதலான முத்திரை ஒட்டிக் கடித உறையிலே வைத்து அனுப்பினர். அவ்வாறு வந்த படத்தைத் திருப்பிப் பார்த்தால், பின்புறத்தில், பிள்ளையின் பெயர், வயது, எடுத்த இடம், நாள் ஆகியன பேனையால் எழுதப்பட்டிருக்கும். சிலர் அன்புமொழி ஒன்றும் சேர்த்திருப்பர். இந்தப் பின்புறத்தைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கின்றது.

1983ஆம் ஆண்டின் பின் புலம்பெயர்ந்தோர் தொகை பெருகிற்று. இன்று யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும், பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்க, தாய் தந்தையர் மாத்திரம் ஊரிலே இருக்கும் வீடுகள் பல. கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசலாமே என்பீர்கள். பேசலாம். ஆயினும் ஊரிலே காலை எட்டு மணியாகும்போது, கோடைகாலமாயின், ரொறன்ரோவில் முதல்நாள் இரவு பத்தரை மணி, பேரப்பிள்ளை உறங்கிவிடும். மாரிகாலத்தில் இவ்வித்தியாசம் பத்தரை மணித்தியாலமாக நீள்கின்றது. கைத்தொலைபேசிக்கு வரும் படங்களோ, வணக்கம் கூறும் பூப்படங்களுக்கும் மரண அறிவித்தல்களுக்கும் இடையே அமிழ்ந்துபோகின்றன. கண்பார்வை மங்கி விரல் நடுங்கும் எண்பது வயதினர் அவற்றைத் தேடி எடுத்தல் எளிதன்று. ஒவ்வொரு முறையும் அயல்வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, “தம்பி, அந்தப் படத்தை ஒருக்கால் காட்டு மோனை” என்று கேட்கக் கூச்சப்பட்டுக் கேளாமலே இருந்துவிடுவோரும் உளர்.

இத்தகையோருக்கு உதவக்கூடிய கருவியே டிஜிற்றல் பிறேம் என வழங்கும் மின்படச் சட்டம். பார்வைக்கு மேசைமேல் வைக்கும் சாதாரண படச்சட்டம் போன்றது. ஆனால் கண்ணாடிக்குப் பின்னே தாளுக்குப் பதிலாக ஒளிரும் திரை. வெளிநாட்டிலிருக்கும் மகள் தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைத் தெரிந்து அனுப்பினால், சிறிது நேரத்தில் அது நல்லூரிலோ கல்முனையிலோ உள்ள தாயின் மேசையிலே தோன்றும். தாய் எதையும் அழுத்த வேண்டியதில்லை. யாரையும் கேட்க வேண்டியதுமில்லை. தேநீர் அருந்திக்கொண்டிருக்கும்போதே படம் மாறிவிடும். இக்கருவியின் சிறப்பு முழுவதும் இந்த ஒன்றிலேதான் இருக்கின்றதென்பது என் கருத்து.

இது தொழிற்படும் வகையைச் சுருக்கமாகச் சொல்வேன். அமெரிக்காவிலே கொடாக் நிறுவனப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் என்பார் 1975ஆம் ஆண்டில் முதன்முதல் ஆக்கிய டிஜிற்றல் கமரா, ஒரு படத்தை அகலத்தில் 100, உயரத்தில் 100 ஆகப் பதினாயிரம் புள்ளிகளாகப் பிரித்தது. அப்புள்ளிகளைக் கசற்று நாடாவிலே பதிய 23 வினாடி சென்றது. பதிந்த படத்தைத் தொலைக்காட்சித் திரையில் இட்டே பார்த்தனர். தாளின்றித் திரையிலே படம் பார்க்கும் வழக்கம் அக்கமராவுடனே பிறந்துவிட்டதெனலாம். இன்றைய கைத்தொலைபேசி ஒரு படத்தை 1 கோடி 20 இலட்சமோ அதனினும் மேலோ புள்ளிகளாகப் பிரிக்கின்றது. பத்தங்குல மின்படச் சட்டத்தின் திரையில் பெரும்பாலும் குறுக்கே 1,280, நெடுக்கே 800 ஆகப் பத்து இலட்சத்திற்குச் சற்று மேற்பட்ட புள்ளிகளே உண்டு. ஆகவே அனுப்பிய படம் சுருக்கப்பட்டே காட்டப்படும். கண்ணுக்கு அது குறையாகத் தோன்றாது.

படம் தாயின் வீட்டுக்கு நேரே பறந்து வருவதில்லை. சட்டத்தைச் செய்த நிறுவனத்தின் கணினி நிலையத்துக்கு முதலிற் செல்கின்றது. ஒவ்வொரு சட்டத்துக்கும் தபால் முகவரி போன்று ஒரு குறியீடோ மின்னஞ்சல் முகவரியோ உண்டு. வீட்டிலுள்ள சட்டம் வைபை இணைப்பின் வழியே அந்நிலையத்தோடு தொடர்பு கொண்டு, தனக்குப் படம் வந்திருக்கின்றதா என வினாவி, இருப்பின் இறக்கிக்கொள்கின்றது. 2000ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் விற்பனையான முன்னோடிச் சட்டமொன்று, வைபை பரவாத காலத்ததாகையால், இரவிலே தொலைபேசிக் கம்பியின் வழியே தானாக அழைப்பெடுத்துப் படங்களைப் பெற்றுக்கொண்டது. தபாற்காரர் இரவில் வந்து போனது போல!

வெளிநாட்டிலே வாங்கி அனுப்புவோர் சிலவற்றைக் கவனித்தல் வேண்டும். கனடாவின் மின்னழுத்தம் 120 வோல்ற்று; இங்கே 230. சட்டத்தோடு வரும் அடப்டரில் 100 முதல் 240 வரை என்று அச்சிடப்பட்டிருந்தால் அச்சமில்லை. ஆயினும் அதன் தட்டையான முனைகள் நம் சுவர்த்துளையிற் பொருந்தா, இடைப்பிளக் ஒன்று வேண்டும். சட்டங்கள் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை மாத்திரம் ஏற்பன. வீட்டு ரவுட்டரில் அவ்வலைவரிசை திறந்திருத்தல் வேண்டும். மின்சாரச் செலவு பெரிதன்று. எட்டு வாற்று எடுக்கும் சட்டம் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் ஒளிர்ந்தாலும் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று அலகுதான். மின் தடைப்பட்டால் படம் மறையும். 2022ஆம் ஆண்டின் பங்குனி இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. மின் திரும்பியதும் தானாக எழுந்து ஓடுகின்ற சட்டமா, யாரேனும் பொத்தானை அழுத்த வேண்டிய சட்டமா என்பதை வாங்குமுன் விசாரித்தல் நன்று. பொத்தான் வேண்டுமாயின், அந்த அயல்வீட்டுப் பையனை மறுபடியும் கூப்பிட வேண்டிவரும்.

இனி, பின்புறத்தைப் பற்றிச் சொல்லலாம்.

எனக்குத் தெரிந்த வீடொன்றில் மூதாட்டி ஒருவர் சட்டத்தின் முன்னே அமர்ந்திருந்தார். பனியில் விளையாடும் சிறுபிள்ளையின் படம் தோன்றிற்று. அதை வெகு ஆவலோடு பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, “இது மூத்தவன்ரை பிள்ளையோ, இளையவன்ரை பிள்ளையோ, தெரியேல்லை ஐயா. குல்லாயும் போட்டுக் கிடக்கு” என்றார். அடுத்த படமும் அவ்வாறே வந்தது. ஐந்து பேரப்பிள்ளைகள், அவர்களுள் மூவரை அவர் நேரிலே கண்டதில்லை. அன்றாடம் அவர்களது முகத்தைப் பார்க்கின்றார். யார் எவர் என்று அறியார். படத்தைத் திருப்பிப் பார்க்கலாமெனில், இப்படத்துக்குப் பின்புறமில்லை.

பள்ளிக்கூடத்திலே நாம் ஆண்டுதோறும் எடுக்கும் வகுப்புப் படங்களை நினைத்துப் பாருங்கள். படத்தின் கீழே, இருப்போர் இடமிருந்து வலமாக இன்னார் இன்னார், நிற்போர் முதலாம் வரிசை, இரண்டாம் வரிசை, சமுகமளியாதோர் என அச்சிட்டிருப்போம். மாணவர் அதனைச் சலிப்பூட்டும் சம்பிரதாயமென எண்ணுவர். நாற்பது ஆண்டு கழித்து அப்படத்தை எடுத்துப் பார்க்கும் பழைய மாணவன் முதலில் விரல் வைப்பது அந்த எழுத்துகளின் மேலேதான். எத்தனையோ ஆண்டுகளாக அப்பெயர்களைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டு வருபவன் என்ற முறையிற் சொல்கின்றேன்: பெயரில்லாத படம் ஒரு தலைமுறைக்கு மேல் உயிர்வாழ்வதில்லை.

ஆகவே மின்படச் சட்டத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு படத்தோடும் ஒரு வரி எழுதியனுப்ப வேண்டும். சட்டங்கள் பலவற்றில் படத்தின் கீழே எழுத்தைக் காட்டும் வசதி உண்டு. அவ்வசதி இல்லாவிடில், கைத்தொலைபேசியிலே படத்தின் மேலேயே பெயரை எழுதிவிட்டு அனுப்பலாம். எழுத்து பெரிதாகவும் தமிழிலும் இருத்தல் வேண்டும். தமிழெழுத்தைத் திரையில் ஒழுங்காகக் காட்டாத சட்டங்களும் உள்ளமையால், படத்தின் மேலேயே எழுதும் முறை பாதுகாப்பானது. பெயரோடு “மூத்தவரின் இரண்டாவது மகன், ஆறு வயது” என்று முறையையும் எழுதுவது உத்தமம். அங்கே பிறந்த பிள்ளைக்கே அதனை எழுதும் வேலையைக் கொடுத்தால் இன்னும் நன்று. தன் அப்பம்மாவுக்குத் தமிழில் ஒரு வரி எழுதுவதற்கு இதனினும் நல்ல தருணம் அப்பிள்ளைக்கு எங்கே வாய்க்கப்போகின்றது?

படங்களைத் தெரிந்தெடுத்தே அனுப்புக. ஒரே பிறந்தநாள் விழாவின் இருநூறு படங்களைக் கொட்டிவிட்டால், ஒருவாரம் முழுவதும் கேக் வெட்டுவதையே தாய் பார்த்துக்கொண்டிருக்க நேரும். விழாக்களைக் காட்டிலும் அன்றாட வாழ்வின் படங்களையே முதியோர் நெடுநேரம் பார்ப்பதை நான் அவதானித்திருக்கின்றேன். பிள்ளை பள்ளிக்குப் போகும் தெரு, சமையலறை அடுப்பு, மகன் வேலைக்குப் புறப்படும் கோலம் ஆகியன அவர்கள் மனத்திலே கற்பனை செய்து வைத்திருந்த இடங்களை நிரப்புகின்றன. படத்தைக் குறுக்காகப் பிடித்து எடுத்தலும் வேண்டும். நெடிய படத்தைக் குறுக்குத் திரை வெட்டிக் காட்டும்போது சிலருக்குத் தலை போய்விடுகின்றது.

காலமானோரின் படங்களைப் பற்றி ஒரு சொல். நம் வீடுகளில் அவர்களது படத்துக்குத் தனியிடம் உண்டு. மாலையும் விளக்கும் உண்டு. மின்படச் சட்டமோ வேற்றுமை அறியாது. பேரனின் பல்விழுந்த சிரிப்புக்கு அடுத்ததாக, போன ஆண்டு இறந்த கணவரின் முகத்தைத் திடீரெனக் காட்டும். சிலருக்கு அது ஆறுதல், சிலருக்கு நெஞ்சிடி. தாயிடம் கேட்டறிந்த பின்னரே அத்தகைய படத்தைச் சேர்க்க வேண்டும். கேளாமல் அகற்றுவதும் கேளாமல் சேர்ப்பதும் ஒத்த தவறுகள்.

படம் நிறுவனத்தின் கணினியிலே தங்குகின்றதென முன்னர்ச் சொன்னேன். குழந்தை குளிக்கும் படம், வீட்டிலக்கம் தெரியும் படம் முதலியவற்றை அங்கே ஒப்படைக்கலாகாது. சட்டத்தின் குறியீட்டை அறிந்தோர் தொகையும் சிறிதாகவே இருக்கட்டும். நிறுவனம் சேவையை நிறுத்தினாலோ கட்டணத்தைக் கூட்டினாலோ, படங்கள் அதன் கணினியில் மாத்திரம் இருக்குமாயின் திரை வெறுமையாகும். சட்டத்தின் உள்ளேயே படங்களைச் சேமித்து வைக்கும் வகை, இவ்விடயத்தில் மேலானது. முக்கியமான சில படங்களைத் தாளிலும் அச்சிட்டு வைப்பதை நான் இன்னும் கைவிடச் சொல்லமாட்டேன்.

இதுவரை அங்கிருந்து இங்கு வரும் படங்களைப் பற்றியே பேசினோம். இங்கிருந்து அங்கு போக வேண்டிய படங்களும் உள. 1995ஆம் ஆண்டின் ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருசேர வெளியேறியபோது, அரிசியும் உடுப்பும் எடுத்தவர் பலர். அல்பம் எடுத்தவர் சிலரே. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாட் கடற்கோள் கிழக்குக் கரையிலே வீட்டோடு படங்களையும் கொண்டுபோயிற்று. அவ்வாறு இழந்த படங்கள் சிலவற்றின் பிரதி, முன்னமே கடல்கடந்து போன உறவினரின் பெட்டியிலே கிடக்கின்றது. தாம் யாருடைய படத்தை வைத்திருக்கின்றோம் என்பதை அறியாமலே வைத்திருக்கின்றனர். மரணவீட்டின் பின் முப்பத்தோராம் நாள் நினைவாகக் கல்வெட்டு அச்சிட முனையும்போதுதான் படத்தையும் வம்சாவழியையும் தேடி ஓடுகின்றோம். அந்நேரத்தில் பெயர் சொல்லவல்லவர் பெரும்பாலும் படுத்த படுக்கையிலிருப்பார். அல்லது கல்வெட்டே அவருக்குரியதாயிருக்கும்.

இங்கேதான் மின்படச் சட்டம் இன்னொரு வகையிற் பயன்படுகின்றது. வெளிநாட்டுப் பெட்டியிலுள்ள பழைய படத்தை 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கான் செய்து, அம்மம்மாவின் சட்டத்துக்கு அனுப்புங்கள். நாளொன்றுக்கு ஒரு படம் போதும். சட்டத்தை அப்படத்திலே நிறுத்திவைத்து, அருகிருக்கும் ஒருவர் கைத்தொலைபேசியின் ஒலிப்பதிவை இயக்கிவிட்டு, இடது ஓரத்தில் நிற்பவர் யார் என்று தொடங்கட்டும். பெரிய திரையாதலால் முகம் தெளிவாகத் தெரியும்; அம்மம்மா விரலால் தொட்டுக் காட்டுவார். பெயரோடு ஊரும், ஊரோடு கதையும் வரும். இடையிலே பழைய காணிச் சண்டையும் வரலாம், அதையும் நிறுத்தவேண்டாம். பின்னர் அப்பெயர்களை வகுப்புப் படத்தின் கீழ் எழுதும் ஒழுங்கிலே, இருப்போர், நிற்போர் என எழுதி, படத்தோடு சேர்த்து உறவினர் யாவருக்கும் அனுப்பலாம். மூலப்படம் அட்டையில் ஒட்டியதாயின், அதன் பின்புறத்திலும் மென்மையான பென்சிலால் அப்பெயர்களை எழுதிவையுங்கள். பேனை அழுத்தினால் முன்பக்கத்திலே தழும்பு விழும்.