புகையும் புற்றுநோயும்

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1922ஆம் ஆண்டில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தோர் எனப் பதிவு பெற்றவர் 612 பேர். 1947ஆம் ஆண்டில் அத்தொகை 9,287 ஆயிற்று. இருபத்தைந்து ஆண்டுகளில் அந்நோய்ச் சாவு பதினைந்து மடங்கு பெருகியதற்குக் காரணம் யாது? மோட்டார் வண்டிகள் கக்கும் புகையே என்றனர் சிலர். சாலைகளுக்கு இடும் தாரே என்றனர் வேறு சிலர். புகைபிடித்தல் அந்நாட்டு ஆடவரிடையே எங்கும் பரவிய பழக்கமாதலின், அதனைக் குற்றமாகக் கருதுவார் அரியர்.

ரிச்சர்டு டால் என்னும் மருத்துவரும், ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் என்னும் புள்ளியியல் அறிஞரும் இவ்வினாவை ஆராயப் புகுந்தனர். இலண்டன் நகரத்து மருத்துவமனைகள் இருபதில் நுரையீரல் புற்றுநோயாளரின் பழக்கங்கள் கேட்டுக் குறிக்கப்பட்டன. ஒப்பிட்டு நோக்கும்பொருட்டு, அவர்களையொத்த வயதுடைய பிற நோயாளரிடமும் அவ்வாறே கேட்கப்பட்டது. புற்றுநோயுற்ற ஆடவர் 649 பேருள் புகைபிடியாதவர் இருவரே. பிற நோயுற்ற ஆடவர் 649 பேருள் அத்தகையோர் 27 பேர். மிகுதியாகப் புகைத்தோரிடையே நோயும் மிகுதியாகக் காணப்பட்டது.

எனினும் ஓர் ஐயம் எழுந்தது. கேட்டவர்கள் நோயாளரின் நோயை முன்னரே அறிந்திருந்தமையால், விடைகளைப் பிறழக் குறித்திருக்கக் கூடுமன்றோ? நுரையீரல் புற்றுநோய் என முதலில் கருதப்பட்டு, பின்னர் அஃதன்று எனத் தெளிவானவர் சிலர் இருந்தனர். அவர்தம் விடைகளை அறிஞர்கள் தனியே எடுத்து ஆராய்ந்தனர். அவை பிற நோயாளரின் விடைகளையே ஒத்திருந்தன. ஐயம் அகன்றது. 1950ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. ஆராய்ச்சி முடியுமுன்னரே டால் தம் புகைப் பழக்கத்தை விட்டொழித்தார்.

1951ஆம் ஆண்டில் அவ்விருவரும் பிரிட்டன் நாட்டு மருத்துவர்களுக்கு மடல் விடுத்து, அவர்களுடைய புகைப் பழக்கத்தைக் கேட்டறிந்தனர். விடையளித்த ஆடவர் 34,439 பேரின் வாழ்வும் சாவும் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கணிக்கப்பட்டன. இடைவிடாது சிகரெட்டுப் பிடித்தோர் பிறரினும் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே இறந்தனர் என 2004ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கை காட்டியது. முப்பது வயதில் அதனை விட்டவர்கள் அவ்விழப்பை ஏறத்தாழ முழுவதும் தவிர்த்தனர். அறுபதில் விட்டவர்களும் மூன்று ஆண்டுகள் பெற்றனர்.

ஒருவர் இருவரைக் கண்டு முடிவு கூறல் எளிது. பலரை எண்ணி, ஒப்பிட்டு, தம் முடிவையும் தாமே ஐயுற்றுத் தெளிதல் அரிது. அதுவே அறிவியல் நெறி. அந்நெறியால் தெளிந்த உண்மைக்கேற்பத் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுதல் அறிவுடைமை. தொடங்கிப் பின் விடுதல் நன்று. தொடங்காதிருத்தல் அதனினும் நன்று.