மூலிகையும் மேனாட்டு மருத்துவரும்

மேனாட்டு முறையிற் பயின்ற மருத்துவர், தம்பால் வந்த நோயாளியை நோக்கி, "வேறு மருந்து ஏதேனும் உண்கின்றீரா?" என வினவுகின்றார். வீட்டில் நாடோறும் கஷாயம் அருந்திவரும் நோயாளியோ, "இல்லை" என்கின்றார். உண்மையுரைப்பின் மருத்துவர் சினப்பார் என்னும் அச்சமே இதற்குக் காரணம். இவ்வச்சத்தால் விளையுந் தீங்கினை ஈண்டு ஆராய்வாம்.

மூலிகைகளை எழுதிக்கொடுக்க மருத்துவர் தயங்குவது முற்றுஞ் செருக்கினாலன்று. ஒரே செடியாயினும், வளர்ந்த நிலம், பறித்த பருவம், உலர்த்திய முறை இவற்றுக்கேற்ப அதன் ஆற்றல் வேறுபடும். இன்ன நோய்க்கு இன்ன அளவு என வரையறுத்துக் கற்றவர், அளவறியாப் பொருளைக் கொடுக்க அஞ்சுதல் இயல்பேயன்றோ? ஆயினும் அஞ்சுதல் வேறு, இகழ்தல் வேறு.

இங்கிலாந்து தேசத்து மருத்துவர் வில்லியம் விதரிங் என்பார் இகழ்ந்தாரல்லர். உடலில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு மூதாட்டி ஒருத்தி மறைவாகக் கையாண்ட மருந்தினை 1775-ஆம் ஆண்டிற் கேள்வியுற்றார். பல பூண்டுகள் கலந்த அம்மருந்தில் டிஜிட்டாலிஸ் என்னுஞ் செடியே பயன் தருவதெனத் தெளிந்தார். அதனைப் பத்தாண்டு ஆராய்ந்து, குணமானோரையும் ஆகாதோரையும் ஒருங்கே குறித்து, 1785-இல் நூலாக வெளியிட்டார். அச்செடியினத்தினின்று பெறும் மருந்து இன்றும் இருதய நோயாளர் சிலர்க்குக் கொடுக்கப்படுகின்றது.

நம் நாட்டுச் சர்ப்பகந்தியின் வரலாறும் இத்தகையதே. பித்துக்கும் உறக்கமின்மைக்கும் நெடுங்காலமாக வழங்கிய அதன் வேர், இரத்த அழுத்தத்தையுந் தணிக்குமென வங்காளத்து மருத்துவர் சென், போஸ் என்போர் 1931-இல் எழுதினர். மேனாடு அப்பொழுது செவிசாய்க்கவில்லை. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், தம் நோயாளரிடங் கண்ட பயனை 1949-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் வெளியிட்ட பின்னரே உலகம் விழித்தது. 1952-இல் அவ்வேரினின்று ரெஸர்பின் என்னும் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதனை மிகுதியாக உண்டோர் சிலர்க்கு மனச்சோர்வு உண்டாதலைக் கண்டு எச்சரித்தோரும் மருத்துவரே. புது மருந்துகள் தோன்றியமையால் இன்று அதன் வழக்குக் குறைந்துள்ளது.

சர்ப்பகந்தி தணிக்கும் இரத்த அழுத்தத்தை அதிமதுரம் ஏற்றவல்லது. இருமலுக்கு நாம் அஞ்சாது சுவைக்கும் அவ்வேரைப் பன்னாள் மிகுதியாக உண்டால், அஃது உடலில் உப்பையும் நீரையுந் தேக்கிப் பொட்டாசியம் என்னும் சத்தைக் குறைக்கும். இதனை நோயாளி மறைப்பாராயின், மருத்துவர் ஏதுவறியாது தம் மருந்தின் அளவை உயர்த்துவார். சிறுநீரைப் பெருக்கி அழுத்தந் தணிக்கும் மருந்துகள் சிலவும் பொட்டாசியத்தைக் குறைப்பனவாதலின், இரண்டுஞ் சேர இருதயத் துடிப்பே நிலைகுலையவுங் கூடும். இயற்கையின் விளைவென்பதால் ஒரு பொருள் தீங்கற்றதாகாது. பாட்டியின் கைமருந்தென்பதாற் பயனற்றதும் ஆகாது.

மருத்துவத்தின் பகுதிகளை நான்காக வகுத்த திருவள்ளுவர், நோயுற்றவனையே முதற்கண் வைத்தார்; மருத்துவனை அவனுக்கு அடுத்தே வைத்தார். நோயுற்றவன் வாய்திறவாவிடத்து மற்றை மூன்றும் என் செய்யும்? நம் கல்லூரியினின்று மருத்துவம் பயிலச் செல்லும் அன்பர்களை யாம் வேண்டுவது இதுவே: நாளை உம்மிடம் வரும் முதியவரை, "ஐயா, வீட்டில் என்ன கஷாயம் அருந்துகின்றீர்கள்?" என்று முகமலர்ந்து கேளுங்கள். அவர் மெய்யுரைப்பார்.