கண்டல் வேரடிச் சேறு

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனைக் கேட்க வருகிறவர்கள் தண்ணீரைத்தான் பார்க்கிறார்கள். எனக்கோ அந்தத் தண்ணீரின் ஓரத்தில், கண்டல் வேர்களுக்கிடையே கிடக்கும் கறுத்த சேற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஒரு கம்பை முழ ஆழம் குத்தி இழுத்தால் கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். மூக்கைப் பொத்த வைக்கும் அந்த நாற்றத்தில்தான் விசயம் இருக்கிறது.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கிழக்கே எழுவான்கரையில் ஊர்கள் நெருங்கிக் கிடக்கின்றன, மேற்கே படுவான்கரை வயல்பூமி. கடலுக்கு வாய் பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும்தான். கோடையில் மணல் ஏறி முகத்துவாரம் அடைபட்டுவிடும். மாரியில் வயல்கள் தாழும்போது வெட்டித் திறப்பார்கள். உள்ளே வந்து சேர்ந்தது இலேசில் வெளியேறாத வாவி இது.

அந்த நாளில் வந்து சேர்ந்தது, மேற்கே காடும் மலையும் கழுவி வந்த மண். அதிலும் இரும்பு, செம்பு, நாகம், குரோமியம் இருந்தன. உலோகமே இல்லாத சேறு உலகில் எங்கும் இல்லை. ஆனால் அது பாறை தேய்ந்து தந்தது, பாறையின் வேகத்தில் வந்தது. கரையிலிருந்தவர்களுக்குக் கண்டல் வேண்டியும் இருந்தது. பருத்தி நூல் வலை உப்புத் தண்ணீரில் இற்றுப்போகாமலிருக்கக் கண்டல் பட்டையை அவித்துச் சாயமேற்றினார்கள். விறகும் கம்பும் அங்கேயே எடுத்தார்கள். நைலோன் வலை வந்தது, பட்டை தேவையற்றுப் போயிற்று. கண்டலை விட்டு நம் கண் விலகத் தொடங்கியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

1920களில் கல்லடியில் லேடி மன்னிங் பாலம் திறந்தது. பிறகு வாகனங்கள் பெருகின. பெற்றோல் புகையோடு ஈயமும் வந்தது. மழை அதை வீதியிலிருந்து கழுவி வாவிக்குள் விட்டது. 2002 ஜூனில் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக 2021இல் அல்ஜீரியா நிறுத்தியது. நிறுத்தியதோடு புகையிலிருந்து ஈயம் போயிற்று. ஏற்கெனவே அடியில் படிந்த ஈயமோ உக்காது, எரியாது, ஆவியாகாது. சேற்றைக் கிளறாதவரை படிந்த இடத்திலேயே கிடக்கும்.

இன்று வருவனவற்றை யாரும் கரையில் நின்றே எண்ணலாம். தேயும் ரயரிலிருந்தும் துருப்பிடிக்கும் கூரைத் தகட்டிலிருந்தும் நாகம். எறிந்த பற்றரியிலிருந்தும் அறுந்து விழும் வலைக்குண்டிலிருந்தும் ஈயம். படகின் அடிப்பூச்சிலிருந்து செம்பு. உன்னிச்சை, நவகிரிப் பக்கத்து வயல்களின் வடிச்சலோடு பொஸ்பேற்றுப் பசளையில் ஒட்டி வரும் கட்மியம். கமக்காரனைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பசளை மூட்டையின் மேல் எழுதியிருப்பதில் கட்மியம் இல்லை. அவனுக்கு எப்படித் தெரியும்?

இவையெல்லாம் கண்டலடியில் வந்து தங்குவதற்குக் காரணம் உண்டு. வேர்கள் ஓட்டத்தைத் தடுக்க, மாப்போன்ற நுண்ணிய களி அங்கே அடைகிறது. அந்தக் களியில் உலோகம் ஒட்டிக்கொள்கிறது. உதிர்ந்த இலை உக்குவதில் ஒட்சிசன் தீர்ந்துபோகிறது. ஒட்சிசன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரின் சல்பேற்றைச் சல்பைட்டாக்குகின்றன. அதுதான் கூழ்முட்டை நாற்றம். ஈயம், நாகம், கட்மியம் எல்லாம் அந்தச் சல்பைட்டோடு சேர்ந்து கரையாத உருவில் இறுகிவிடுகின்றன. கண்டல்களில் ஒன்றான கண்ணா மரமோ மூச்சுவேரால் காற்றை இழுத்துக் கீழே அனுப்புகிறது. வேரைச் சுற்றி இரும்புத் துரு ஒரு தோல்போலப் படிந்து, அதுவும் உலோகத்தைப் பிடித்து வைக்கிறது. நகரத்தின் அழுக்கை விலை கேட்காமல் வாங்கிப் பூட்டி வைத்திருக்கும் மரம் இது.

அந்தப் பூட்டை நாங்களே உடைத்தோம். போர்க்காலத்தில் வீதியோரக் கண்டலும் வாவியோரக் கண்டலும் பாதுகாப்பின் பேரால் வெட்டப்பட்டன. 2004 டிசம்பர் 26இல் கடலுக்கும் வாவிக்கும் நடுவேயிருந்த நாவலடியை ஆழிப்பேரலை வாரிக்கொண்டு போனது. உயிர்கள் போன துயரத்தில், வீடும் வாகனமுமாக வாவிக்குள் போனவற்றை யார் நினைத்தார்கள்? போர் முடிந்தபின் கிரவல் வந்தது. 2013இல் கல்லடியில் புதுப் பாலம், 2014இல் மண்முனைப் பாலம். பாலங்கள் வேண்டியவைதான், மண்முனைத் துறையில் பாதைப் படகுக்குக் காத்து நின்ற படுவான்கரைச் சனத்துக்கு அது பெரிய ஆறுதல். கரையைத் துண்டு துண்டாக நிரப்பி வளவாக்குவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மரத்தை வெட்டிச் சேற்றைக் கிளறிக் காற்றுப் பட விட்டால் சல்பைட்டு உடைந்து, பூட்டியிருந்த உலோகம் தண்ணீரில் இறங்கும். தண்ணீரை வடித்து உண்ணும் மட்டிக்குள் அது முதலில் போகும்.

தென்கிழக்கு, பேராதனைப் பல்கலைக்கழகத்தவரும் ஜப்பானின் சிமானே பல்கலைக்கழகத்தவரும் சேர்ந்து வாவியின் அடையல் மண்ணை ஆராய்ந்து 2021இல் கட்டுரை வெளியிட்டார்கள். கரையில் இயந்திரம் இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் இப்படி ஒரு சோதனை முதலில் நடக்க வேண்டும். குழாயொன்றை வேரடியில் இறக்கி எடுத்தால் போதும்; மேலே இந்த மாரியின் களி, கீழே பெற்றோலில் ஈயம் இருந்த காலத்துக் களி, அதற்கும் கீழே பாறை மட்டும் தந்த களி.

நண்டு தோண்டிக் கலைக்காத இடமாகப் பார்த்து எடுக்க வேண்டும். வற்றுநேரத்தில் கண்டலடியில் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு வளை வாயிலும் புதுச் சேறு குவிந்திருக்கும். ஆழத்தில் கிடந்த பழைய களி அது. ஈரம் உலர முன்னே அடுத்த பெருக்கு வந்து அதைக் கரைத்துக்கொண்டு போகும்.