டான்யூப் கரையோரம்: மிதிவண்டியில் கண்ட மூன்று நகரங்கள்

ஜெர்மனியைச் சுற்றிப் பார்க்க விரும்புவோருக்கு விரைவு ரயில்கள் உண்டு; சில பகுதிகளில் வேகக் கட்டுப்பாடே இல்லாத நெடுஞ்சாலைகளும் உண்டு. அப்படியிருந்தும், கோடைக்காலம் வந்துவிட்டால் பின்சக்கரத்தின் இருபுறமும் பைகளைக் கட்டிக்கொண்டு மிதிவண்டியில் கிளம்பிவிடுவோரை அங்கே எல்லா ஆற்றங்கரைகளிலும் காணலாம். இவர்கள் பந்தய வீரர்கள் அல்லர். ஓய்வு பெற்ற தம்பதியர், குழந்தைகளைச் சிறு இழுவண்டியில் அமர்த்தி இழுத்துச் செல்லும் பெற்றோர், கையில் அதிகப் பணமில்லாத மாணவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள். கடைசியாகச் சொன்ன பிரிவில் நானும் ஒருவன்.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒரு பருவம் ஜெர்மனியில் பயிலும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. தேர்வு முடிந்த கையோடு, நண்பர்கள் மூவருடன் உல்ம் நகரிலிருந்து பாசாவ் நகர் வரை, டான்யூப் நதிக்கரையோரமாக ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவை எட்டு நாள்களில் மிதிவண்டியில் கடந்தேன். பழைய நகரங்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் புறப்பட்டேன். ஒரு நகரம் எப்படிப் பழைய நகரமாக நிலைத்து நிற்கிறது என்ற கேள்வியோடு திரும்பினேன். அக்கேள்விக்கு நான் கண்ட விடையை, வழியில் கண்ட மூன்று நகரங்களின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏன் மிதிவண்டி?

மிதிவண்டியின் முன்னோடி பிறந்த நாடே ஜெர்மனிதான். 1817ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், கார்ல் டிரைஸ் என்பவர் மன்ஹைம் நகரில் தாம் உருவாக்கிய இரு சக்கர மர வண்டியை முதன்முறையாக ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதிகட்டை கிடையாது. இருக்கையில் அமர்ந்து, கால்களால் தரையை உந்தித் தள்ளியே ஓட்ட வேண்டும்.

இதில் நம் வட்டாரத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கலாம் என்பது வியப்பான செய்தி. 1815ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசும் வாயுவும் வானில் பரவியதால் மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. பயிர்கள் பொய்த்தன, குதிரைகளுக்குத் தீனி கிடைக்கவில்லை. குதிரைக்கு மாற்றாக ஒரு வண்டி வேண்டும் என்ற எண்ணம் டிரைசுக்குத் தோன்ற இதுவும் காரணமாக இருக்கலாம் எனச் சில வரலாற்றாய்வாளர்கள் கருதுகின்றனர்.

மூட்டை முடிச்சுகளோடு செல்லும் மிதிவண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் ஓடினாலே பெரிது. ஆனால், பழைய நகரங்களைப் புரிந்துகொள்ள இந்த வேகமே பொருத்தமானது. அந்நகரங்கள் படகுக்கும் குதிரைவண்டிக்கும் ஏற்ற இடைவெளியில் எழுந்தவை. ரயிலில் செல்பவர் ஒரு நிலையத்தில் ஏறி மற்றொரு நிலையத்தில் இறங்குகிறார். மிதிவண்டியில் செல்பவரோ, தேவாலயக் கோபுரம் முதலில் ஊசிமுனையாகத் தெரிந்து, வயல்களுக்கு அப்பால் மெல்ல மெல்ல வளர்ந்து, இறுதியில் தலைக்கு மேல் நிற்பதைக் காண்கிறார். அக்காலத்து வணிகனும் யாத்திரிகனும் நகரத்துக்குள் நுழைந்தது அப்படித்தான்.

பயண ஏற்பாடுகள்

நதியோரப் பாதையில் ஏற்றம் குறைவு. நாங்கள் நீரோட்டம் செல்லும் திசையிலேயே, மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றோம். இப்பாதை, அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை ஐரோப்பாவைக் குறுக்கே கடக்கும் நீண்ட மிதிவண்டிப் பாதையின் ஒரு பகுதியாகும். திரும்பும் இடங்களில் வழிகாட்டிப் பலகைகள் உள்ளன. கால் ஓய்ந்துவிட்டால், மிதிவண்டிப் படம் வரைந்த பெட்டியில் வண்டியை ஏற்றிக்கொண்டு வட்டார ரயிலில் செல்லலாம். மிதிவண்டிக்கும் தனியாகச் சீட்டு வாங்க வேண்டும்.

நாங்கள் கூடாரம், மாற்று டியூப், ஒட்டுப்போடும் பொருள்கள், காற்றடிக்கும் பம்ப், மழைச்சட்டை ஆகியவற்றை எடுத்துச் சென்றோம். மறந்தது ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமை! அன்று அங்கே பேரங்காடிகள் திறப்பதில்லை. இரவு பத்து மணிவரை கடைகள் திறந்திருக்கும் நாட்டில் வளர்ந்த எனக்கு இது தோன்றவேயில்லை. அன்று முழுவதும் காய்ந்த ரொட்டியும் இரண்டு வாழைப்பழமும்தான். அடுத்து யாராவது செல்வதாக இருந்தால் சனிக்கிழமையே உணவு வாங்கிவிடுங்கள் என்பது என் அனுபவப் பாடம்.

உல்ம்: எஞ்சிய கோபுரம்

உல்ம் நகரில் எங்கு நின்றாலும் பெருந்தேவாலயத்தின் கோபுரம் தெரியும். அதன் உயரம் 161.53 மீட்டர். 1890ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டதிலிருந்து, 2025ஆம் ஆண்டு அக்டோபரில் பார்சிலோனாவின் சக்ராடா ஃபமீலியா அதனை முந்தும்வரை, உலகின் மிக உயரமான தேவாலயம் என்ற பெருமை அதற்கே இருந்தது.

1890 என்பதைக் கவனியுங்கள். அடிக்கல் நாட்டப்பட்டது 1377ஆம் ஆண்டில்! 1543இல் பணி நின்றுபோனது. முந்நூறு ஆண்டுகள் குறைக் கோபுரத்தோடு இருந்த தேவாலயத்தின் கட்டுமானத்தை 1844இல் மீண்டும் தொடங்கி முடித்தனர். ஆக, இடைக்காலத்தின் அடையாளமாக நாம் அண்ணாந்து பார்க்கும் அக்கோபுரத்தின் மேற்பகுதி, ரயில் ஓடத் தொடங்கிய காலத்தைச் சேர்ந்தது.

அதைச் சுற்றியிருந்த நகரத்தின் கதையோ வேறு. 1944ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் மாலை நேச நாட்டு விமானங்கள் உல்ம் மீது குண்டு வீசின. 700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பழைய நகரத்தின் பெரும்பகுதி அழிந்தது. கோபுரம் மட்டும் இடிபாடுகளுக்கு நடுவே நின்றது. போருக்குப்பின் சிலவற்றைப் பழைய வடிவிலேயே எழுப்பினர். பலவற்றைப் புதிதாகவே கட்டினர். தேவாலயத்தின் முன்னேயே 1993ஆம் ஆண்டு முதல் ரிச்சர்ட் மேயர் வடிவமைத்த வெண்ணிற நவீனக் கட்டடம் ஒன்று நிற்கிறது.

முதலில் எனக்கு அது கண்ணை உறுத்தியது. “இதைக் கட்டியிருக்கவே வேண்டாம்,” என்றேன். உடன் வந்த ஜெர்மன் நண்பன், “இங்கே குண்டு விழுந்ததை மறைத்துப் பொம்மை நகரம் கட்டியிருந்தால் உனக்குப் பிடித்திருக்குமா?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அக்கேள்வி அடுத்த எட்டு நாளும் என் பின்னாலேயே வந்தது.

நதி வகுத்த வழி

உல்முக்குக் கிழக்கே டோனாவ்வேர்ட், இங்கோல்ஸ்டாட் ஆகிய நகரங்களைக் கடந்தோம். இங்கோல்ஸ்டாட்டில் 1472ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் இருந்தது. 1800ஆம் ஆண்டு அது வேறு நகருக்கு மாற்றப்பட்டுவிட்டாலும், மேரி ஷெல்லியின் நாவலில் பிராங்கன்ஸ்டைன் பயில்வது அங்கேதான் என்பதால் அந்நகரின் பெயர் இன்றும் பேசப்படுகிறது.

வெல்டன்புர்க் மடத்துக்கு அப்பால் பாதை நின்றுவிடுகிறது. அங்கே நதி சுண்ணாம்புப் பாறைகளை அறுத்துக்கொண்டு குறுகிய பள்ளத்தாக்கில் பாய்கிறது. நீரோரமாகச் சாலை அமைக்க இடமில்லை. மேட்டின் வழியே ஏறிச் செல்ல வேண்டும். அல்லது மிதிவண்டியையும் ஏற்றிக்கொண்டு படகில் கெல்ஹைம் செல்ல வேண்டும். நாங்கள் படகைத் தேர்ந்தெடுத்தோம். சாலை போட முடியாத இடத்திலும் நதி வழிவிட்டது. நகரங்கள் ஏன் நதிக்கரையில் எழுந்தன என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

ரேகன்ஸ்புர்க்: தப்பிய நகரமும் தப்பாதவர்களும்

ஐந்தாம் நாள் மாலை ரேகன்ஸ்புர்க் நகரை அடைந்தோம். உரோமானியர்கள் கி.பி. 179இல் இங்கே படைமுகாம் அமைத்தனர். அதன் வாயில் ஒன்றின் பகுதி இன்றும் நிற்கிறது. உல்முக்கு நேர்ந்தது இந்நகருக்கு நேரவில்லை. இரண்டாம் உலகப் போரில் இதன் விமானத் தொழிற்சாலை குண்டு வீச்சுக்கு உள்ளானாலும் பழைய நகரம் பெரும்பாலும் தப்பியது. 2006ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது.

இந்நகரின் உயிர்நாடி அதன் கல்பாலம். 1135ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ பதினோர் ஆண்டுகளில் கட்டப்பட்ட இப்பாலம் 300 மீட்டருக்கும் அதிக நீளமுடையது. ஏறக்குறைய 800 ஆண்டுகள் இந்நகரில் டான்யூப் நதியைக் கடக்க இருந்த பாலம் இது ஒன்றுதான். வணிகர்கள் இவ்வழியே வந்தாக வேண்டும். வந்தால் வரி செலுத்தியாக வேண்டும். நகரம் செழித்ததற்கு வேறென்ன வேண்டும்? பாலத்தின் அருகே பதினேழாம் நூற்றாண்டு உப்புக் கிடங்கு ஒன்று உள்ளது. இன்று உப்புக்குப் பதிலாக நகர வரலாற்றைச் சொல்லும் காட்சிக்கூடம் அதனுள் இருக்கிறது.

அப்பாலம்கூட அப்படியே நின்றுவிடவில்லை. 1945ஆம் ஆண்டு ஏப்ரலில், அமெரிக்கப் படை நெருங்கியபோது, பின்வாங்கிய ஜெர்மன் படையே அதன் சில பகுதிகளை வெடிவைத்துத் தகர்த்தது. பின்னர் அவை சீரமைக்கப்பட்டன. 2010 முதல் 2018 வரை பெரும் பழுதுபார்ப்பும் நடந்தது. இப்போது அதன்மீது கார்கள் செல்வதில்லை. பாதசாரிகளும் எங்களைப் போன்ற மிதிவண்டிக்காரர்களுமே கடக்கிறோம்.

மறுநாள் மதியம் நொய்பார் சதுக்கத்தில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு அமர இடம் தேடினோம். தரையில் வெண்ணிறக் கற்பாளங்களால் தாழ்வான மேடை போன்ற ஓர் அமைப்பு இருந்தது. சிறுவர்கள் அதன்மேல் ஏறிக் குதித்தனர். நாங்களும் கால் நீட்டி உட்கார்ந்தோம். சற்று நேரம் கழித்தே அருகிலிருந்த விளக்கத்தைப் படித்தோம். நாங்கள் அமர்ந்திருந்தது ஒரு யூத வழிபாட்டு மன்றத்தின் தரை வரைபடத்தின்மேல்.

இடைக்காலத்தில் அச்சதுக்கம் யூதர் குடியிருப்பாக இருந்தது. 1519ஆம் ஆண்டு பிப்ரவரியில் நகர மன்றம் அவர்களை ஊரைவிட்டுத் துரத்தி, வழிபாட்டு மன்றத்தை இடித்தது. இடிப்பதற்குமுன் அதன் உட்புறத்தைப் படமாகத் தீட்டிவைத்தவர் ஆல்பிரெக்ட் ஆல்டோர்ஃபர் என்னும் புகழ்பெற்ற ஓவியர். அவரும் அந்நகர மன்றத்தைச் சேர்ந்தவர்தான்! யூதர்களின் கல்லறைக் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அவற்றில் சில வீட்டுச் சுவர்களில் வெற்றிச் சின்னம்போல் பதிக்கப்பட்டன. 1995ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் அம்மன்றத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. 2005ஆம் ஆண்டு, இஸ்ரேலியச் சிற்பி டானி காரவான் அதன் வடிவத்தை வெண்கற்களால் அதே இடத்தில் அமைத்தார். மக்கள் வந்து அமர்ந்து சந்திக்கும் இடமாக இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம் என்று அறிந்தபின்தான் என் கூச்சம் சற்றுக் குறைந்தது.

பின்னாளில் அங்கு மீண்டும் குடியேறிய யூதர்கள் 1912இல் கட்டிய மன்றத்தை 1938 நவம்பரில் நாஜிகள் எரித்தனர். அவ்விடத்தில் புதிய மன்றம் 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது. முதல் மன்றம் இடிக்கப்பட்டுச் சரியாக 500 ஆண்டுகள் கழித்து.

தப்பிய நகரம் என்று நான் மகிழ்ந்த ஊரில், எல்லாரும் தப்பவில்லை. ஆனால், இல்லாமல் போனதையும் தரையில் வரைந்து காட்டும் துணிவு அவ்வூருக்கு இருக்கிறது.

பாசாவ்: சுவரில் நிற்கும் வெள்ளம்

ஸ்ட்ராவ்பிங், டெகன்டோர்ஃப் ஆகிய ஊர்களைக் கடந்து எட்டாம் நாள் பாசாவை எட்டினோம். டான்யூப், இன், இல்ஸ் ஆகிய மூன்று நதிகள் இங்கே கூடுகின்றன. ஆல்ப்ஸ் மலையிலிருந்து வரும் இன் நதி பச்சை நிறம். சதுப்பு நிலங்களிலிருந்து வரும் இல்ஸ் கருநிறம். கூடும் முனையில் நின்றால் நிறங்கள் உடனே கலந்துவிடாமல் பக்கம் பக்கமாக ஓடுவதைக் காணலாம். இன் நதிவழியே படகில் வந்த உப்பு, இங்கிருந்து மலைப்பாதை வழியாகப் பொஹீமியாவுக்குச் சென்றது. நகரத்தின் செல்வமே அதுதான்.

வாழ்வளித்த நதிகளே அடிக்கடி வீட்டுக்குள்ளும் நுழைகின்றன. 2013ஆம் ஆண்டு ஜூனில் நீர்மட்டம் 12.89 மீட்டரைத் தொட்டது; 1501ஆம் ஆண்டுக்குப்பின் கண்டிராத வெள்ளம் அது. பழைய நகர மண்டபத்தின் சுவரில் ஒவ்வொரு பெருவெள்ளத்தின் உயரமும் ஆண்டோடு குறிக்கப்பட்டுள்ளது. 2013ஆம் ஆண்டுக் கோட்டைத் தொட, என் தோளில் மற்றொருவர் ஏறி நின்றாலும் போதாது.

நகரத்தின் அழகான பரோக் பாணிக் கட்டடங்களுக்கும் ஓர் அழிவே காரணம். 1662ஆம் ஆண்டுத் தீயில் நகரம் எரிந்துபோக, இத்தாலியக் கலைஞர்களைக் கொண்டு மீண்டும் கட்டினர். நெருப்பையும் நீரையும் கண்ட ஊர், ஒவ்வொரு முறையும் சேற்றைக் கழுவிவிட்டு அதே இடத்தில் கதவைத் திறக்கிறது.

முடிவாக

பழமை தானாக நிற்பதில்லை என்பதே இந்த 400 கிலோமீட்டர் எனக்குக் கற்பித்த பாடம். முடித்துக் கட்டுவதா, இடிந்ததை எழுப்புவதா, இழந்ததைத் தரையில் குறிப்பதா, வெள்ளத்தின் அளவைச் சுவரில் எழுதுவதா என ஒவ்வொரு தலைமுறையும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. உல்மில் நண்பன் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் உண்டு. காயத்தை மறைத்த நகரத்தைவிட, காயம் இதுதான் என்று காட்டும் நகரமே எனக்குப் பிடிக்கும்.

ஊர் திரும்பிய வாரத்தில், நான் தொடக்கக்கல்வி பயின்ற தமிழ்ப்பள்ளி இருந்த தோட்டத்துக்கு மிதிவண்டியில் சென்றேன். லயன் வீடுகள் இருந்த இடத்தில் இன்று மாடிவீடுகள். கோயில் மட்டும் வேலிக்கு வெளியே நிற்கிறது. பள்ளி இருந்த இடம் எதுவென்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. காட்டித் தர ஒரு கல்லும் இல்லை. கோயில் வாசலில் அமர்ந்திருந்த பாட்டியிடம் கேட்டேன். அவர் எழுந்து வந்து, சாலையோரத்தில் நின்று, “இந்த மூலையிலிருந்து அந்த விளக்குக் கம்பம் வரைக்கும்,” என்று கையால் காட்டினார்.

அன்று மாலையே அதைத் தாளில் வரைந்து வைத்தேன். வாசகர்களே, உங்கள் ஊரிலும் அப்படிக் கை காட்டக்கூடியவர் ஒருவர் இருப்பார். அவர் இருக்கும்போதே ஒருமுறை போய்க் கேட்டுவிடுங்கள்.