உயர்தர ஒலிபெருக்கியும் அதன் குறைகளும்

ஒலிபெருக்கி என்றவுடன் கோயில் திருவிழாக் காலத்தில் மரங்களிற் கட்டப்படும் கூம்புக் குழாயே பலர் நினைவுக்கு வரும். ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுவது அதுவன்று. வீட்டிலிருந்து இசை கேட்போர் பெரும்பொருள் கொடுத்து வாங்கும் ஒலிபெருக்கியே. மலிவான கருவியின் குறையைக் கேட்ட மாத்திரத்தே செவி உணர்ந்துகொள்ளும். விலையுயர்ந்த கருவியின் குறையோ கடையில் அரைமணி நேரம் கேட்கும்போது வெளிப்படுவதில்லை. பணமுங் கொடுத்து, வீட்டிற்குங் கொணர்ந்த பின்னரே தலைகாட்டும். அது பெரும்பாலும் செய்தவரின் கவனக்குறைவால் வந்ததன்று. ஒரு நலத்தை முற்றாகப் பெறுதற்பொருட்டு மற்றொன்றை அவர் அறிந்தே விட்டுக்கொடுத்ததன் விளைவாகும்.

இங்கிலாந்திற் பீற்றர் வாக்கர் அமைத்து, 1957 இல் விற்பனைக்கு வந்த குவாட் நிலைமின் ஒலிபெருக்கி இதற்குத் தக்க சான்று. சாதாரண ஒலிபெருக்கியிற் காந்தத்தினிடையேயுள்ள கம்பிச்சுருள் மின்னோட்டத்துக்கேற்ப அசைந்து, தன்னோடு ஒட்டிய கூம்பையும் அசைக்கும். றைஸ், கெலொக் என்னும் அமெரிக்கர் இருவர் 1925 இல் விளக்கிக் கூறிய இம்முறையே இன்றும் பெருவழக்கு. குவாட்டிலோ சுருளுமில்லை, கூம்புமில்லை. துளையிட்ட இரு தகடுகளிடையே மிக மெல்லிய பிளாத்திக்குப் படலம் ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஆயிரக்கணக்கான வோல்ற்று ஏற்றப்பட்ட அப்படலம், தகடுகளால் ஈர்க்கப்பட்டும் தள்ளப்பட்டும் அதிர்கின்றது. பாரமின்மையால் அது பாட்டின் நுண்ணிய அசைவுகளையெல்லாம் உடனுக்குடன் பின்பற்றும். மனிதக் குரலை அத்துணைத் தெளிவாகத் தந்த கருவிகள் அக்காலத்தில் மிகச் சில.

எனினும், அப்படலம் முன்னும் பின்னும் ஒருங்கே ஒலிப்பதால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சுவரை ஒட்டி வைத்தலும் ஆகாது. அறையின் நடுப்பாகத்தை அதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும். வலு மிக்க விரியலாக்கியோடு இணைத்து உரக்க ஒலிக்கச் செய்தால் தீப்பொறி பாய்ந்து படலம் பழுதாகும். உயர்ந்த ஒலிகள் ஒடுங்கிய கற்றையாகச் செல்வதால் நேர் எதிரே அமர்ந்தவருக்கே முழுநலமுங் கிட்டும். குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து கேட்க விரும்பும் வீட்டில் இது சிறு குறையன்று.

நேர்மாறான வழி சென்றவர் அமெரிக்கப் பொறியியலாளர் போல் கிளிப்ஷ். அவர் 1946 இல் வெளியிட்ட மூலை ஒலிபெருக்கி, முற்கூறிய கோயிற் குழாயின் தத்துவத்தையே மடித்து ஒரு பெட்டியுள் அடக்கியது. ஒரு வாற்று வலுவில் அது எழுப்பும் ஒலியை, 20 டெசிபெல் உணர்திறன் குறைந்த வேறொரு கருவி எழுப்புதற்கு 100 வாற்று வேண்டும். ஆயின் அறையின் மூலைச்சுவர்களே அக்குழாயின் இறுதிப் பகுதியாய் அமைய வேண்டியிருத்தலின், மூலையிற் கதவோ சன்னலோ உள்ள வீட்டுக்கு அது பொருந்தாது.

விலைப்பட்டியலிற் காணப்படாத பெருங்குறை அறையினின்று எழுவதாகும். ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். செக்கனுக்கு 40 தடவை அதிரும் ஒலியின் அலைநீளம் 8.5 மீற்றர். அறையின் நீளம் அதிற் பாதியான 4.25 மீற்றராயின், எதிரெதிர்ச் சுவர்களிடையே நின்ற அலை தோன்றும். சுவரோரத்தில் இருப்பவருக்கு அவ்வொலி முழங்கும். நடுவில் இருப்பவருக்கு ஏறக்குறையக் கேளாதொழியும். அத்துணைத் தாழ்ந்த ஒலியையும் தரவல்ல பெரிய கருவியே இத்தொல்லையை எழுப்பும். அவ்வளவுக்கு இறங்காத சிறு பெட்டி தப்பிவிடும். கூடுதலாகக் கொடுத்த பொருள் இங்கே கேட்டையே வாங்கித் தருகின்றது. ஆடவர் ஒரு கட்டைச் சுருதியிற் பாடும்போது தம்பூராவின் மந்தரத் தந்தி எழுப்பும் ஒலிகூட செக்கனுக்கு ஏறத்தாழ 65 அதிர்வுக்குக் கீழே இறங்குவதில்லை. கருநாடக இசையே கேட்பவர், அதனினும் தாழ்ந்த ஒலிக்காகப் பெரும்பொருள் செலவிடுதல் வேண்டுமா என்பது ஆராயத்தக்கது.

ஆதலின் வாங்குமுன் தாம் நன்கு பழகிய குரலொன்றின் ஒலிப்பதிவைத் தம் வீட்டறையிலேயே, வழக்கமாக இருக்கும் இடத்திலிருந்து, சில நாள் கேட்டுப் பார்த்தல் நன்று. அதற்கு இசையாத விற்பனையாளரும் உளர்.

பழைய கருவியை வாங்குவோர் கூம்பின் விளிம்பையும் நோக்குதல் வேண்டும். நுரைப்பொருளால் ஆன விளிம்பு, வெப்பமும் ஈரமும் மிக்க இலங்கை போன்ற நாடுகளில் ஆண்டுகள் செல்லச் செல்ல உளுத்து உதிரும். இறப்பர் விளிம்பு நெடுங்காலம் நிற்கும். விரலால் மெல்லத் தொட்டாலே வேறுபாடு புலப்படும்.