அம்மாவின் சுவருக்கு எந்தச் சாம்பல்?

பினாங்கு லிட்டில் இந்தியாவில், பழைய கடைவீடு ஒன்றின் மேல்மாடியில்தான் அம்மா இருக்கிறார். தீபாவளிக்கு முன் அவர் அறைக்குச் சாயம் அடிக்க வேண்டும். "வெளிர் சாம்பல் அடிக்கலாம்மா" என்றேன்.

"சிமெண்டு பூசி அப்படியே விட்ட மாதிரியா?" என்றார்.

நான் விடவில்லை. அமெரிக்காவின் ஷெர்வின் வில்லியம்ஸ் நிறுவனத்தின் இரண்டு பிரபல நிறங்களைத் தேர்ந்தெடுத்தேன்: அக்ரீயபிள் கிரே, ரிபோஸ் கிரே. ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதற்கு ஓர் எண் உண்டு. முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. முதல் நிறத்துக்கு 60, இரண்டாவதற்கு 58. இரண்டு புள்ளிதானே என்று நினைத்தேன். ஆனால் வித்தியாசம் அடிநிறத்தில் இருந்தது. அக்ரீயபிள் கிரேயில் மண் நிறம் கலந்திருக்கும். ரிபோஸ் கிரே சற்றுக் குளிர்ச்சியானது. சில வெளிச்சத்தில் லேசாக ஊதா தட்டும்.

சாயக் கடையில் இரண்டையும் சிறு டின்களில் கலக்கித் தந்தார்கள். பெரிய அட்டைகள் இரண்டில் இரண்டு பூச்சு அடித்து, காய்ந்ததும் சுவரில் சாய்த்து வைத்தேன். காலை வானொலி நிகழ்ச்சியை முடித்துவிட்டு வந்து பார்த்தபோது இரண்டும் அக்கா தங்கை போல இருந்தன. இரவில் வெள்ளைக் குழல்விளக்கைப் போட்டதும் ரிபோஸ் கிரே நீலமாக மாறியது. எனக்கு அதுதான் பிடித்தது.

அம்மா அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இடது கண்ணை மூடினா நீலமா இருக்கு. வலது கண்ணை மூடினா பழுப்பா இருக்கு. எது நிசம்?"

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு மாதத்துக்கு முன்புதான் அவருக்கு வலது கண்ணில் புரை அறுவை சிகிச்சை நடந்தது. புரை விழுந்த லென்ஸ் மஞ்சள் கண்ணாடி மாதிரி நீலத்தைத் தடுத்துவிடும். அதை எடுத்ததும் நீலம் பளிச்சென்று தெரியும். இடது கண்ணுக்கு இன்னும் சிகிச்சை ஆகவில்லை. அதுவும் முடிந்தால், அம்மாவுக்கு ரிபோஸ் கிரே இன்னும் குளிர்ந்து போகும். இத்தனை நாளும் என் கண்ணுக்குத்தான் சுவர் தேடியிருக்கிறேன்.

அக்ரீயபிள் கிரேயையே அடித்தோம். குழல்விளக்கையும் மஞ்சள் ஒளி தரும் விளக்காக மாற்றினோம்.

உங்கள் வீட்டுக்குச் சாயம் வாங்கும்போது கடையின் சிறு வண்ணச் சீட்டை மட்டும் நம்பாதீர்கள். அட்டையில் அடித்து, காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் பாருங்கள். அந்த அறையில் இருக்கப் போகிறவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

"சிமெண்டு மாதிரி இல்லதான்" என்றார் அம்மா. அவரிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.